வளைக்குள் விட்ட கை

ஆம்பூர்
12–4–1987

கிறிஸ்துதாஸ் அவர்களுக்கு,

சாராள் எழுதுவது. வழக்கமாக ‘கர்த்தருக்குள் அன்பான’ என்று தொடங்குவேன். இந்தத் தடவை கை வரவில்லை. நம் வீட்டுச் சண்டைக்குள் கர்த்தரை இழுப்பானேன்?

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஒன்பதாம் மாதம் நாங்கள் வந்து அழைத்துப் போவதாக இருந்தோமே, அதற்குள் ஏன் தனியாக வந்தாய் என்று அம்மா கேட்டார்கள். வெள்ளானூரில் வெயில் தாங்கவில்லை என்று சொன்னேன். ஆம்பூரில் என்ன பனியா பெய்கிறது? அம்மா நம்பவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

அன்று காலையில் குளிக்கத் தண்ணீர் மொள்ளத் தொட்டிக்குள் சொம்பை விட்டேன். நீங்கள் ஏரியிலிருந்து கொண்டுவந்த சாக்கை அதில் கவிழ்த்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? விரால் இருந்தால் இருக்கட்டும், அது வழக்கமான அசிங்கம். விராலோடு வந்த வேறொன்று என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. வழவழவென்று, குளுகுளுவென்று. இப்போது எழுதும்போதும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்கிறேன்.

நான் கத்தியதும் ஓடி வந்தீர்கள். வந்து என்ன செய்தீர்கள்? சிரித்தீர்கள். வாலைப் பிடித்துத் தூக்கி என் முகத்துக்கு நேரே ஆட்டினீர்கள். வாசலில் நின்ற உங்கள் ஏரிக் கூட்டாளி தங்கவேல், “இன்னாம்மா நீ, தண்ணிப் பாம்புக்குப் போயி இம்மா சவுண்டு வுட்டுகினு கீறே” என்றார். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியிடம் விளையாடுகிற விளையாட்டா இது? சாயங்காலம் வரைக்கும் வாந்தி எடுத்தேன். நீங்கள் அதே தொட்டித் தண்ணீரில் குளித்துவிட்டு வந்து சாப்பாடு கேட்டீர்கள். சே.

உங்கள் துண்டில் சேறு நாற்றம், தலையணையில் சேறு நாற்றம், நான் வைக்கிற ரசத்தில்கூட அதுதான். ஒன்று சொல்லிவிடுகிறேன். இனிமேல் ஏரி வளைக்குள் கை விடமாட்டேன் என்று நீங்கள் எழுதித் தராமல் பிள்ளையோடு அந்த வீட்டுக்கு வரமாட்டேன். அந்தக் கையால் என் பிள்ளையைத் தூக்கவும் விடமாட்டேன்.

சாராள்


வெள்ளானூர்
21–4–1987

அன்புள்ள சாராளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மசக்கை இன்னும் விடவில்லை என்று தெரிகிறது. மீன் நாற்றம், சேறு நாற்றம் என்று பத்தி பத்தியாக எழுதியிருக்கிறாய். ரயில் ஆம்பூரை நெருங்கும்போது வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்கிறார்கள். தோல் ஷெட்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு விரால் நாறுகிறதா?

அது வெறும் தண்ணிப் பாம்பு. கடித்தால் எறும்பு கடித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஏரியில் எங்களுக்கு அது தினப்படி விவகாரம். காலில் சுற்றும், வலையில் மாட்டும், பிடித்துத் தூர எறிவோம். சில சமயம் ஒருத்தன் மேல் ஒருத்தன் எறிவோம். உன் முகத்துக்கு நேரே ஆட்டியது தப்புதான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வளையில் கை விடாதே என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வாரம் முழுக்க அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் முன்னால் நின்று இரும்புத் தூளைச் சுவாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் எனக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அந்த ஏரி. இப்போது தண்ணீர் வற்றிக்கொண்டு வருகிறது. கரையோரத்து வளைகளில் விரால் பதுங்கியிருக்கும். அவசரப்படாமல் கையை உள்ளே விட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டே போய்ச் செவுளைப் பிடிக்க வேண்டும். இந்த ஏரியில் எனக்குத் தெரியாத வளை கிடையாது. எந்த வளை எங்கே திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பிடித்ததைக் கோரைப்புல்லில் கோத்து நான் போடுகிற ரெட்டைச் சுற்று முடிச்சு ஊரில் வேறு யாருக்கும் வராது. கல்யாணமான புதிதில் அதை அவிழ்க்கத் தெரியாமல் அரிவாள்மனையில் அறுத்தாயே, அப்போது சிரித்தாய். அந்தச் சாராள் எங்கே போனாள்?

இன்னொன்று. பிள்ளை பெற்றவளுக்கு முதல் விராலைத் தகப்பன் தன் கையால் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதையும் வேண்டாம் என்பாயா?

உன் கிறிஸ்துதாஸ்


ஆம்பூர்
3–5–1987

கிறிஸ்துதாஸ் அவர்களுக்கு,

எங்கள் ஊர்த் தோல் செத்துப்போன மாட்டுடையது. அது யாருடைய மணிக்கட்டிலும் சுற்றிக்கொள்ளாது.

பெரியம்மா மகள் ஜெயசீலி வேலூரிலிருந்து வந்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். தொட்டி சமாசாரத்தை அவளிடம் மட்டும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. “அத்தான் வளைக்குள்ள கை விடுறாரா? கோடையில எங்க வார்டுக்கு வர்றதே அப்படிப்பட்ட ஆளுங்கதான்” என்றாள்.

தண்ணீர் இருக்கிறவரை அது மீன் வளை. தண்ணீர் வற்றினால் எலி குடிவரும். எலியைத் தேடிக்கொண்டு கண்ணாடி விரியன் வரும். உங்களுக்குத் தெரிந்தது போன வருஷத்து வளை. இந்த வருஷம் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? குக்கர் சத்தம் மாதிரி உஸ்ஸென்று கேட்டால் கையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்துவிட வேண்டுமாம். வளைக்குள் கை விடவே கூடாது, அப்படியே மீன் வேண்டுமென்றால் தூரத்தில் உட்கார்ந்து தூண்டில் போடட்டும் என்கிறாள். கரையில் நடக்கும்போது தடியால் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். வெறுங்காலோடு புதரில் இறங்கக் கூடாது. சாக்கை வாய் திறந்து கரையில் போடக் கூடாது. போட்டால் வீட்டுக்குள் கொண்டுவராமல் தெருவிலேயே உதற வேண்டும்.

அப்படியும் கடித்துவிட்டால் கத்தியால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, ஓடக் கூடாது. கையை ஆட்டாமல் வைத்துக்கொண்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மந்திரம், வேர், பச்சிலை என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். தயவுசெய்து சிரிக்காமல் படியுங்கள்.

உங்கள் வீட்டு வழக்கம் இருக்கட்டும். விரால் அம்பத்தூர் மார்க்கெட்டிலும் விற்கிறது. வேதத்தின் மேல் கை வைத்து எழுதி அனுப்புங்கள்.

சாராள்


வெள்ளானூர்
15–5–1987

அன்புள்ள சாராளுக்கு,

வலது கையை வேதத்தின் மேல் வைத்தேன். வைத்தால் எழுத முடியவில்லை. எடுத்துவிட்டு எழுதுகிறேன், கர்த்தர் மன்னிப்பார்.

இனி வளைக்குள் கை விடமாட்டேன். சாக்கைக் கொளுத்திவிட்டேன். தொட்டியைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். தங்கவேல் கேலி செய்கிறான், செய்யட்டும். உனக்கு விரால் மார்க்கெட்டிலிருந்தே வரும். சந்தோஷமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கிறிஸ்துதாஸ்


ஆம்பூர்
17–6–1987

என் அன்பான அத்தானுக்கு,

அப்பா கொடுத்த தந்தி ஒன்பதாம் தேதியே கிடைத்திருக்கும். பெண் குழந்தை. உங்கள் மூக்கு, உங்கள் பிடிவாதம். பால் வர ஒரு நிமிஷம் தாமதமானால் தெருவே கேட்கும்படி கத்துகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வருவீர்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. திங்கட்கிழமை தங்கவேல் மட்டும் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே உயிரோடு விரால். “மச்சானுக்கு ஓவர் டைம்மா. மார்க்கெட்ல வாங்கிக் குடுத்துவுட்டாரு” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையைக்கூட எட்டி நின்றுதான் பார்த்தார். காபி குடிக்காமல் போய்விட்டார். பிள்ளையைவிட ஓவர் டைம் பெரிதா என்று அப்பாவுக்குக் கோபம். எனக்கும் அழுகை வந்தது.

ஆனாலும் மறைக்காமல் எழுதுகிறேன். அம்மா வைத்த குழம்பு அவ்வளவு ருசி. மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு வைத்தார்கள். அன்றும் மறுநாளும் அதைத்தான் சாப்பிட்டேன். மீன் என்றாலே குமட்டிக்கொண்டிருந்தவள் சட்டியை வழித்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றி மார்க்கெட்டில் வாங்கி அனுப்பியிருக்கிறாரே என்கிற நிம்மதியே பாதி ருசி என்று நினைக்கிறேன்.

வேலை ஒழிந்ததும் வந்து உங்கள் மகளைப் பாருங்கள்.

உங்கள் சாராள்


வெள்ளானூர்
29–6–1987

சாராள்,

இடது கையால் எழுதுகிறேன். கோணல் மாணலாக இருக்கும்.

14ஆம் தேதி ஞாயிறு ஓவர் டைம். லேத்தில் கை மாட்டியது. ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். பயப்படாதே. வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ வர வேண்டாம். உன் அப்பாவும் வர வேண்டாம். கை ஆறியதும் நானே வருகிறேன்.

கிறிஸ்துதாஸ்


ஆம்பூர்
4–7–1987

கிறிஸ்துதாஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். பிள்ளை பெற்ற உடம்பு, அழாதே என்று அம்மா திட்டினார்கள். அப்பா அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான்தான், வரவேண்டாம் என்று எழுதியிருக்கிறாரே என்று தடுத்தேன்.

பிறகு கொல்லைப்புறம் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் காய்ந்த கோரைப்புல் கிடந்தது. தங்கவேல் கொண்டுவந்த விராலைக் கோத்திருந்த புல். அம்மா முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தியால் புல்லை அறுத்துப் போட்டிருக்கிறார்கள். முடிச்சு அப்படியே இருக்கிறது. ரெட்டைச் சுற்று.

அம்பத்தூர் மார்க்கெட்டில் எந்த மீன்காரி உங்கள் முடிச்சைப் போடுகிறாள்?

திங்கட்கிழமை உயிரோடு வந்ததென்றால் அது ஞாயிற்றுக்கிழமை பிடித்த மீன். அதே ஞாயிற்றுக்கிழமை உங்கள் விரல் போனது. உங்கள் கம்பெனி ஞாயிற்றுக்கிழமை ஓடி நான் பார்த்ததே இல்லை. ஓவர் டைம் என்றால் வாரநாளில் ராத்திரி எட்டு மணி வரைக்கும்தான். இரண்டு வருஷம் உங்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தவளிடமா இந்தக் கதை?

நீங்கள் அங்கே எந்த நிலைமையில் கிடந்தீர்களோ, நான் இங்கே சட்டியை வழித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு ருசி என்று கடிதம் வேறு எழுதினேன். அந்தக் குழம்பைத் தின்று சுரந்த பாலைத்தான் உங்கள் மகள் குடித்தாள். நினைத்தால் தொண்டையில் விரலை விட்டு எல்லாவற்றையும் வெளியே எடுக்கத் தோன்றுகிறது. தொட்டிக்குள் பாம்பு சுற்றியபோதுகூட எனக்கு இவ்வளவு அருவருப்பு இல்லை.

என்ன நடந்தது? ஒன்று விடாமல் எழுதுங்கள். இன்னொரு பொய் எழுதினால் அதுவே கடைசிக் கடிதம்.

சாராள்


வெள்ளானூர்
13–7–1987

சாராளுக்கு,

இதை எழுத நாலைந்து நாள் ஆகிவிட்டது. இடது கை பழகவில்லை. மனமும் வரவில்லை.

தந்தி வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வரும்போது மார்க்கெட் மீனையா கொண்டுவருவது, ஒரே ஒரு தடவை என்று விடியற்காலையிலேயே ஏரிக்குப் போனேன். தங்கவேலும் வந்தான். நாலு விரால் கிடைத்தது. கோத்து முடிச்சுப் போட்டாகிவிட்டது. “போதும் வா மச்சான், ட்ரெயினுக்கு லேட்டாயிடும்” என்றான். இன்னும் ஒன்று, பெரிதாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அரச மரத்து மதகுப் பக்கம் ஒரு வளை. போன வருஷம் அதில்தான் முழங்கை நீள விரால் எடுத்தேன். இப்போது தண்ணீர் அதற்கு ஒரு முழம் கீழே போயிருந்தது. தெரிந்த வளைதானே என்று கையை விட்டேன். உஸ்ஸென்றது. தங்கவேல் சைக்கிளில் காற்று இறங்குகிறது என்று நினைத்தேன் சாராள். நீ எழுதிய குக்கர் சத்தம் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. கடித்த பிறகுதான் வந்தது.

கண்ணாடி விரியன். வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டு நிதானமாகப் போனது.

நீ எழுதினதெல்லாம் சொன்னேன். கட்டாதேடா, கீறாதேடா, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று. “பொம்பள எழுதினத வெச்சிகினு வைத்தியம் பாக்கறியா நீ?” என்று கத்திக்கொண்டே சைக்கிள் ட்யூபை அறுத்து இறுக்கிக் கட்டினான். பிளேடால் கீறினான். பயத்தில் செய்தான், அவனைக் குறை சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு மந்திரக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இதை எழுதக் கூசுகிறது. ஒன்று விடாமல் எழுது என்றாய். அந்த ஆள் கோழிக்குஞ்சுகளைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்து அதன் பின்பக்கத்தை என் கடிவாயில் வைத்து அழுத்தினார். விஷத்தை உறிஞ்சிக் கோழி செத்துவிடுமாம். எச்சமும் ரத்தமும் என் கையில் வழிந்தது. ஈ மொய்த்தது. கோழி செத்துச் செத்து விழுந்தது. “பாத்தியா நைனா, வெசம் எறங்கிகினு கீது” என்றார். நான் படுத்திருந்த இடத்திலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. கட்டைவிரலால் அதன் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தார். சொல்ல வாயைத் திறந்தேன், நாக்கு புரளவில்லை. ஞானஸ்நானம் பெற்றவன், நெற்றியில் திருநீறும் கையில் கோழி எச்சமுமாகக் கிடந்தேன். அந்தக் கோழிகளை அங்கேயே அடுப்பில் ஏற்றினார்கள். மசாலா வாசனை வந்தது. அதைவிட அசிங்கமான வாசனை என் ஆயுசில் கிடையாது.

அங்கே தூக்கிக்கொண்டு போகும் வழியில், பேச முடிந்தபோதே, மார்க்கெட் மீன் என்று சொல்லி உன்னிடம் கொண்டுபோகும்படி தங்கவேலிடம் சொல்லியிருந்தேன். நான் வராவிட்டால் நீ சந்தேகப்படுவாய் என்று. புத்தி கெட்டவன்.

தங்கவேல் பெண்டாட்டி கன்னியம்மாள் வந்து பார்த்துவிட்டுத் தெருவையே கூட்டினாள். “இன்னாயா, ஆளு வாயில ரத்தம் வருது, நீங்க கோழி தின்னுகினு கீறீங்களா?” என்று. அவள்தான் ஒரு வேனை மறித்து மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். ஊசி போட்டார்கள். ஈறிலும் ரத்தம், சிறுநீரிலும் ரத்தம். பிழைத்தேன். விரல் பிழைக்கவில்லை. டாக்டர் சொன்னார், “இதைப் பாம்பு எடுக்கலை. ட்யூபும் பிளேடும்தான் எடுத்தது.”

லேத் வேலை இனி கிடையாது. ஸ்டோரில் போடுகிறேன் என்கிறார்கள்.

மீன் வாசனை வந்தால் இப்போது எனக்கே குமட்டுகிறது. ஆனால் நான் உன்னை வரவேண்டாம் என்று எழுதியது பொய் வெளியே வந்துவிடும் என்று மட்டும் இல்லை. கை பார்க்கச் சகிக்கவில்லை. உள்ளங்கை கறுத்துத் தோல் உரிகிறது. கட்டுப் பிரித்தால் நாற்றம். கடைக்குப் போனால் துண்டால் மூடிக்கொண்டு போகிறேன். சில்லறை கொடுக்கிறவர் கையில் வைக்காமல் மேஜையில் வைக்கிறார். அன்று பாம்பைப் பார்த்தபோது உன் முகம் எப்படிப் போனது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் பார்த்துச் சிரித்த முகம் அது. அந்த முகத்தோடு நீ என் கையைப் பார்த்தால் என்னால் தாங்க முடியாது.

அந்தக் கையால் பிள்ளையைத் தூக்க விடமாட்டேன் என்று எழுதியிருந்தாய். கர்த்தர் கேட்டுவிட்டார் போலிருக்கிறது. குழந்தை கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும்.

கிறிஸ்துதாஸ்


ஆம்பூர்
19–7–1987

அத்தானுக்கு,

கர்த்தர் மேல் பழியைப் போடாதீர்கள். வளையில் கை விட்டது அவர் இல்லை.

உங்கள் கடிதத்தைப் பாதி படித்ததும் எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மீதியைப் படித்தேன். அந்த மந்திரக்காரன் கோழி தின்ற வாயில் புழு வைக்க. தங்கவேலிடம் சொல்லுங்கள், நான் வந்ததும் அவருக்கு இருக்கிறது. கன்னியம்மாளுக்கு மட்டும் ஆம்பூரிலிருந்து ஒரு நல்ல புடவை எடுத்துவைத்திருக்கிறேன்.

கையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகள் ஒரு நாளில் செய்கிற காரியங்களைக் கேளுங்கள். காலையில் என் மடியில் போனாள். துடைத்து முடிப்பதற்குள் தோளில் கக்கினாள். துணி மாற்றும்போது முகத்திலேயே பீய்ச்சி அடித்தாள். நேற்று அந்தக் கையைக் கழுவ மறந்து அதே கையால் சோறு தின்றுவிட்டேன். பாதி தின்ற பிறகுதான் தெரிந்தது. மீதியையும் தின்றேன், பசி. தொட்டிப் பாம்புக்கு ஒரு நாள் முழுக்க வாந்தி எடுத்த சாராள் நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. உங்கள் கையில் தோல் உரிகிறது என்றால் உரியட்டும். ஜெயசீலியிடம் கட்டுக் கட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன். மருந்தும் வாங்கி வைத்திருக்கிறேன்.

கை எனக்கு அருவருப்பு இல்லை. வேதத்தைத் தொட்டுவிட்டு வளைக்குப் போனீர்களே, அது அருவருப்பு. சாகக் கிடந்தபோதும் பொய் சொல்லி மீன் அனுப்பினீர்களே, அது அருவருப்பு. ஓவர் டைம், லேத் என்று எழுதிய அந்தப் புத்தி நாறுகிறது. அதை எந்தச் சோடா உப்பால் கழுவப் போகிறீர்கள்? மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியவில்லை. எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். ஒரே வீட்டில் இருந்து தினமும் உங்களைத் திட்டினால்தான் என் மனம் ஆறும். இங்கிருந்து தபாலில் திட்டுவது போதவில்லை.

சனிக்கிழமை காலை வண்டியில் கிளம்புகிறோம். அப்பா அரக்கோணம் வரைக்கும் வந்து லோக்கலில் ஏற்றிவிடுவார். மத்தியானத்துக்குள் ஆவடிக்கு வந்துவிடுவேன். என் கையில் பெட்டி இருக்கும், மருந்துப் பை இருக்கும். வண்டி அங்கே நிற்கிறது கொஞ்ச நேரம்தான். இறங்குவதற்கு முன்னால் குழந்தையை உங்களிடம்தான் நீட்டுவேன். வலது கையால் வாங்குங்கள். தலைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து வாங்க வேண்டும், கழுத்து இன்னும் நிற்கவில்லை.

கையைத் துண்டால் மூடிக்கொண்டு வந்து நின்றீர்களானால், நான் இறங்கவே மாட்டேன்.

சாராள்